10 வாரம், 2 பெட்டி: மானும் கங்காருவும் முயலும் தின்று முடித்த ஒரு கட்டிங்

போன வருட உடற்கட்டுப் போட்டிக்கான கட்டிங்கில், அதாவது தசையைக் காத்துக் கொழுப்பை மட்டும் குறைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஏழாவது வாரம் ஒரு மதியம், சிக்கன் பிரெஸ்ட் டப்பாவைத் திறந்தேன், மூடினேன், அப்படியே குப்பையில் கொட்டினேன். அன்று இரவு ஒரு பாக்கெட் பிஸ்கட் முழுதாக உள்ளே போனது. அடுத்த இரண்டு வாரமும் பகலில் பட்டினி, இரவில் பிஸ்கட். மேடை ஏறவில்லை. ஒன்பது வருடமாக எடை தூக்குகிறேன், உடற்பயிற்சி ஒரு நாளும் எனக்குப் பாரமாக இருந்ததில்லை. என்னைக் கவிழ்த்தது அந்த வெள்ளைக் கறிதான்.

அதனால்தான் இந்த முறை கட்டிங் தொடங்கும் முன்பே, ஆன்லைனில் காட்டு இறைச்சி விற்கும் ஒரு கடையிலிருந்து 10 கிலோ கலவைப் பெட்டி வரவழைத்தேன். அது தீர்ந்ததும் இன்னொன்று. மீன், முட்டை சாப்பிட்ட நாட்களும் இடையில் உண்டு. 10 வாரத்தில் 20 கிலோ கறியைச் சமைத்து, எடைபோட்டு, ஒவ்வொரு வேளையும் குறித்துவைத்துச் சாப்பிட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். கடை பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்ல இருக்கிறது, கறி வகைகள்தான் எங்கே வாங்கினாலும் பொதுவானவை.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் என் தீர்ப்பு உங்களுக்குப் பயன்படாது. வயது 36. தொடங்கும்போது 58 கிலோ. ஒரு நாளைக்கு 1500 கலோரி, 128 கிராம் புரதம், அதாவது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.2 கிராம். வாரம் நான்கு நாள் எடைப் பயிற்சி. ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, 14தான், குறைவு. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். சிவப்புக் கறி பக்கம் நான் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டிக்குள் இருந்தவை: மான் தொடைக்கறி 2 கிலோ, கங்காரு 2 கிலோ, தீக்கோழி ஒன்றரை, பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கொத்துக்கறி ஒன்றரை, முழுக் காட்டு முயல் இரண்டு, காட்டுப்பன்றி தோள்கறி ஒரு கிலோ, முதலை வால்கறி அரை கிலோ. எல்லாம் காற்று நீக்கிய உறைகளில், கல் மாதிரி உறைந்து வந்தன. பெட்டியின் மேலே அடர்ந்த காடு, நடுவில் கொம்புள்ள மான், ‘காட்டு இறைச்சி’ என்று பெரிய எழுத்து. உறையின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்தால் வேறு கதை. மான் நியூசிலாந்துப் பண்ணையில் வளர்ந்த செம்மான். தீக்கோழி, பைசன், முதலை மூன்றும் பண்ணைதான். நிஜமாகவே காட்டிலிருந்து வந்தவை கங்காரு, முயல், காட்டுப்பன்றி மட்டும். இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், எழுத்தில் இருந்தது. ஆனால் பெட்டியின் படத்தை நம்பி வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். எனக்குப் பண்ணை மான் வந்ததில் வருத்தமே இல்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, இந்தக் கறிகளைப் பற்றி ஜிம்மில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். மான்கறியில் புரதம் சிக்கனைவிட மிக அதிகம் என்கிறார்கள். இல்லை. பச்சையாக 100 கிராம் மான்கறியில் சுமார் 23 கிராம் புரதம், கொழுப்பு இரண்டரை கிராமுக்குள். தோல் நீக்கிய சிக்கன் பிரெஸ்டிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். கங்காருவில் 22 கிராம், கொழுப்பு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். காட்டு முயல் 22-ஐ ஒட்டி. காட்டுப்பன்றி 21 சொச்சம், கொழுப்பு மூன்று கிராமுக்குச் சற்று மேல். புரதக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தப் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க ஒரு நியாயமும் கிடையாது.

வித்தியாசம் இரும்பில் இருக்கிறது. 100 கிராம் பச்சை மான்கறியில் 3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, சிக்கன் பிரெஸ்டில் அரை மில்லிகிராம்கூட இல்லை. ஓடியாடித் திரிந்த விலங்கின் தசையில் பிராணவாயுவைச் சேர்த்துவைக்கும் மயோகுளோபின் நிறைய இருக்கும், கறி கருஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். அந்த மயோகுளோபினுக்குள் இருக்கும் இரும்பைக் குடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும், கீரையிலிருக்கும் இரும்பை அப்படி எடுத்துக்கொள்ளாது. மாதவிடாய் உள்ள வயதுப் பெண்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம். கட்டிங்கில் 1500 கலோரிக்குள் அதை எட்டுவது சாதாரண விஷயமில்லை. 300 கிராம் மான்கறி பாதிக்கு மேல் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ஜிம்மில் ஆண்கள் இதைப் பேசிக் கேட்டதே இல்லை, பெண்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பயிற்சியில் தசைக்கு உடனடி ஆற்றல் தரும் கிரியேட்டினும் இருக்கிறது, ஒரு கிலோ பச்சைச் சிவப்புக் கறிக்கு நான்கைந்து கிராம் வரை. என் 300 கிராமில் ஒன்றரை கிராமுக்கு மேல் போகாது, சமைத்தால் இன்னும் குறையும். அதனால் கிரியேட்டின் பவுடரை நிறுத்தவில்லை.

சரி, கறிக்கு வருவோம்.

மான் தொடைக்கறிதான் பெட்டியின் ராஜா. முதல் வாரம் அதைக் கெடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சிக்கன் மாதிரி நினைத்து நன்றாக வேகவிட்டேன். வெளியே சாம்பல், உள்ளேயும் சாம்பல், மென்று மென்று தாடை வலித்தது. கொழுப்பில்லாத கறியில் தவறுக்கு இடமே இல்லை. ஆட்டுக்கறியில் கொழுப்பு உருகி நாரை நனைத்துக் காப்பாற்றும், இங்கே காப்பாற்ற ஒன்றும் கிடையாது. தண்ணீர் வெளியேறிவிட்டால் போயிற்று. இரண்டாவது வாரம் ஒரு சமையல் வெப்பமானி வாங்கினேன். இந்த 10 வாரத்தில் நான் வாங்கியவற்றில் மிகப் பயனுள்ள பொருள் அதுதான், கறியையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடைசியில் எனக்குக் கைவந்த முறை இது. முந்தைய நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் உறைநீக்கம். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளிச் சவ்வைக் கத்தி நுனியால் உரித்து எடுத்துவிட வேண்டும், அது எவ்வளவு வெந்தாலும் இளகாது, சூட்டில் சுருங்கிக் கறியையும் சேர்த்து இழுக்கும். உப்பைத் தூவி இரவு முழுக்கத் திறந்தபடி குளிரில். காலையில் ஈரத்தை ஒற்றியெடுத்து, இரும்புக்கல் புகையும் சூட்டில் இரண்டு பக்கமும் சுட்டு, நடுவில் 57 டிகிரி செல்சியஸ் வரும்போது எடுத்துவிடுவேன். பத்து நிமிடம் தட்டில் ஓய்வு, அதற்குள் சூடு 60-ஐத் தாண்டும். அப்புறம் நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகள். மிளகும் பூண்டும் போதும். உள்ளே இளஞ்சிவப்பு, வாயில் வைத்தால் ஒரு இனிப்பு. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இதைச் சாப்பிட்டேன், ஒரு நாளும் சலிக்கவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மான், கங்காரு இரண்டிலும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கலாம். ஆழ உறைய வைத்த கறியில் ஆபத்து குறையும், இல்லாமல் போய்விட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் இந்த இளஞ்சிவப்புப் பக்குவத்தைத் தொட வேண்டாம், 71 டிகிரி வரை வேகட்டும். அந்தச் சூட்டிலும் மிருதுவாக வேண்டுமென்றால் தொடைக்கறியை விட்டுவிட்டுக் கால்கறி வாங்கி மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிடலாம்.

கங்காரு மானுக்குத் தம்பி மாதிரி. கொழுப்பு அதைவிடக் குறைவு, இரும்பு ஏறக்குறைய அதே அளவு. ஆஸ்திரேலியாவில் இதைப் பண்ணையில் வளர்ப்பதில்லை. அரசு ஒதுக்கும் எண்ணிக்கைக்குள் உரிமம் பெற்றவர்கள் இரவில் சுடுகிறார்கள், தலையில்தான் சுட வேண்டும் என்பது அங்கே விதி. கறிக்குள் குண்டு பாயாமல் இருப்பது சாப்பிடுகிற நமக்கும் நல்லது. சமையலில் மானைவிடக் கண்டிப்பானது. 60-ஐத் தாண்டிக் கொஞ்சம் போனாலும் ஈரல் ருசி வந்துவிடும். ஈரல் பிடிக்காதவர்கள் அதோடு தட்டைத் தள்ளிவிடுவார்கள், என் கணவர் தள்ளினார். சின்னத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய் தடவி, அதிசூட்டில் இரண்டே நிமிடம் புரட்டியெடுத்தபோது அவரே இன்னும் கொஞ்சம் கேட்டார்.

தீக்கோழி எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி. பறவைதான், ஆனால் பறப்பதில்லை. அதனால் மார்பில் சதையே இல்லை, கறி முழுக்கத் தொடையிலும் காலிலும். நிறம் மாட்டுக்கறி மாதிரி கருஞ்சிவப்பு, வாடை சுத்தமாக இல்லை. என்னோடு பயிற்சி செய்யும் பெண்ணுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். 22 வயது, சிக்கனைத் தவிர வேறு கறி தொட்டதில்லை. தின்று முடித்துவிட்டு, “அக்கா, இது நிஜமாவே பறவையா? என்னை ஏமாத்தலையே?” என்று இரண்டு தடவை கேட்டாள். காட்டு இறைச்சியைப் புதிதாக முயல நினைப்பவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். 

பைசன் கொத்துக்கறி ருசியில் குறை சொல்ல முடியாதது, கணக்கில் குழப்புவது. பைசனின் கொழுப்பு நீக்கிய சதையில் இரண்டு கிராம் கொழுப்புதான் இருக்கும், எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த எண்ணைத்தான். கொத்துக்கறியில் ஓரக் கொழுப்பும் சேர்த்து அரைப்பதால் 100 கிராமுக்கு ஏழு கிராமும் அதற்கு மேலும் போகும். தப்பில்லை, அதன்படி சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நான் அதைக் கால் பயிற்சி நாளுக்கு ஒதுக்கினேன். கொத்துக்கறி எந்த விலங்குடையது என்றாலும் 71 டிகிரி வரை வேக வேண்டும். மேற்பரப்பில் இருக்கும் கிருமி அரைக்கும்போது உள்ளே போய்விடும், துண்டுக்கறிக்குச் சொன்ன இளஞ்சிவப்புப் பக்குவம் இதற்குச் செல்லாது.

முயலைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, அதில் பாதி கோபம்.

முதல் முயலை மெல்லிய தீயில் வேகவைத்து, சதையை உதிர்த்து, ஒரு வாரத்துக்கான டப்பாக்களில் நிரப்பினேன். 750 கிராம் முயலிலிருந்து வெந்த சதை 400 கிராம் கிடைத்தது. சின்னச் சின்ன எலும்புகள், உதிர்க்கவே முக்கால் மணி நேரம். ருசி மென்மை, சிக்கனுக்கும் மேலே ஒரு படி. மூன்றாவது டப்பாவைச் சாப்பிடும்போது கடைவாய்ப்பல்லில் ‘டக்’ என்று ஒன்று பட்டது. எடுத்துப் பார்த்தால் மிளகளவுகூட இல்லாத ஒரு ஈயக் குண்டு. பல் தப்பித்தது. கடைக்குப் படத்தோடு எழுதினேன். காட்டில் சிதறு குண்டுத் துப்பாக்கியால் சுட்ட முயலில் இப்படி இருப்பது சகஜம் என்று பதில் வந்தது, ஒரு முயலுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பணம் திரும்பி வந்தாலும் என் மனம் சமாதானமாகவில்லை. பல்லில் பட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. குண்டு எலும்பில் மோதி உடையும்போது சிதறும் தூள் கண்ணுக்கும் தெரியாது, பல்லிலும் படாது, துளையிலிருந்து தள்ளியுள்ள சதைக்கும் போய்விடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது. ஈயக் குண்டால் சுட்ட கறியை அடிக்கடி உண்பவர்கள் அளவைக் குறைக்க வேண்டும், குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் என்று பிரிட்டனின் உணவுத் தரநிலை முகமை சொல்கிறது. உடற்கட்டுக்காகச் சாப்பிடும் நாம் மாதம் ஒருமுறை விருந்துக்குச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. தினமும் 300 கிராம், வாரக்கணக்கில். அந்த அறிவுரை நேராக நமக்குத்தான். பண்ணை மான் வந்ததில் எனக்கு வருத்தமில்லை என்றேனே, இதுதான் காரணம். காட்டு விலங்காக இருந்தால் எப்படிக் கொல்லப்பட்டது, எந்த உலோகக் குண்டு என்று கடையில் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். வட அமெரிக்காவில் வேட்டையாடிய மான் யாராவது கொடுத்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கே மான்களிடம் நலிவு நோய் ஒன்று பரவியிருக்கிறது, 1967-ல் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள். மனிதருக்கு வந்ததாக உறுதியான தகவல் இல்லை, ஆனாலும் நோயுள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. பரிசோதித்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேட்டைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ரசீது இல்லாமல் யாரோ ரகசியமாகக் கொண்டுவந்து தரும் கறியைப் புரதத்துக்காக வாங்குவது பெரிய தவறு, சட்டத்துக்காகவும் உங்கள் வயிற்றுக்காகவும் சொல்கிறேன்.

முயலோடு சேர்ந்த இன்னொரு பாடம் ஐந்தாவது வாரம் கிடைத்தது. எடை இறங்குவது நின்றது. அவசரப்பட்டு, கொழுப்பைக் கழித்தேன். கங்காருவும் முயலும் முட்டை வெள்ளையும் மட்டும், எண்ணெய் ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு 22 கிராம் கொழுப்பு, மொத்தக் கலோரியில் 13 சதவீதம். ஐந்தாம் நாள் தூக்கம் போனது. வயிறு நிறைந்திருக்கிறது, பசி மட்டும் அடங்கவில்லை. எவ்வளவு கறி தின்றாலும் திருப்தி என்பதே இல்லை. ஸ்குவாட்டில் எப்போதும் செய்யும் எடை தோளில் மலையாக உட்கார்ந்தது. கோச்சிடம் சாப்பாட்டுக் குறிப்பைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “கொழுப்பை எங்கேம்மா வெச்சிருக்கே? தேடித் தேடிப் பார்க்கிறேன், காணோமே” என்றார்.

ஆர்க்டிக் பயணி வில்ஜால்மூர் ஸ்டெஃபான்சன் கதையை அன்று அவர்தான் சொன்னார். வட துருவப் பக்கம் முயலை மட்டும் தின்று வாழ்ந்தவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டும் நலிந்துபோனதை அவர் எழுதியிருக்கிறார், ‘முயல் பட்டினி’ என்றே அதற்குப் பெயர். 1928-ல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் கண்காணிப்பில் கறி மட்டும் உண்ணும் சோதனைக்கு ஸ்டெஃபான்சன் தானே உட்பட்டார். தொடக்கத்தில் கொழுப்பில்லாத கறி மட்டும் கொடுத்தபோது ஓரிரு நாட்களிலேயே வயிற்றுப்போக்கும் சோர்வும் வந்தன, கொழுப்புள்ள கறி கொடுத்ததும் சரியானது. புரதத்திலுள்ள நைட்ரஜனை யூரியாவாக மாற்றி வெளியேற்ற ஈரலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. எல்லாக் கலோரியும் புரதத்திலிருந்தே வந்தால் அந்த எல்லை உடைகிறது. நான் சோறும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அந்த நிலைக்கு நான் போகவில்லை. ஆனால் அதன் பாதையில்தான் நின்றிருந்தேன் என்பது அந்த வாரம் உடம்புக்கே தெரிந்தது. இரண்டு முழு முட்டை, ஒரு கைப்பிடி பாதாம், ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கொழுப்பை 45 கிராமுக்கு ஏற்றினேன், அந்தக் கலோரிக்குச் சோற்றைக் குறைத்தேன். நான்கே நாளில் தூக்கம் திரும்பியது. அடுத்த வாரம் எடையும் இறங்கியது. சிக்கனோடு கட்டிங் செய்யும்போது கையே எண்ணெய்ப் பக்கம் போகாத பழக்கம் எனக்கு. இந்தக் கறிகளோடு அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளவே கூடாது.

காட்டுப்பன்றியில் எங்களுக்குள் ஒரு வினோதம் நடந்தது. தோள்கறியை மூன்று மணி நேரம் மூடிவைத்து வேகவிட்டேன். வேறு வழியில்லை, டிரிக்கினெல்லா புழு இருக்கக்கூடிய கறி இது. அந்தப் புழுவில் குளிரைத் தாங்கும் வகைகளும் இருப்பதால், காட்டு விலங்கைப் பொறுத்தவரை உறையவைத்ததை நம்பக் கூடாது, 71 டிகிரி கட்டாயம். மூடியைத் திறந்ததும் எனக்குச் சிறுநீர் நெடி முகத்தில் அடித்தது. கோச்சைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். “அருமையா இருக்கேம்மா, என்ன நெடி?” என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பருவமடைந்த ஆண் பன்றியின் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருள் சேர்கிறது. சிலர் மூக்குக்கு அது சிறுநீர், சிலர் மூக்குக்கு ஒன்றுமே இல்லை. பிறவியிலேயே அமைந்த வேறுபாடு அது. இரண்டாவது பெட்டியில் வந்த பன்றிக்கறியில் நெடியே இல்லை, பெண் பன்றியாக இருந்திருக்கும். இப்படி அதிர்ஷ்டத்தைப் பொறுத்த கறியை வாரம் முழுக்கத் தேவைப்படும் உணவாக நம்ப என்னால் முடியவில்லை. மற்ற விலங்குகளிலும் கவுச்சி வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் உட்காருகிறது. ஓரக் கொழுப்பை வெட்டியெடுத்தாலே பாதி போய்விடும். ஓடவிட்டுத் துரத்திக் கொன்ற விலங்கின் கறியும் சரியாக வராது. தசையிலிருந்த சர்க்கரை தீர்ந்து, இறந்தபின் கறி புளிப்பேறாமல் கருத்து ஒட்டும் பதத்தில் நின்றுவிடும், சீக்கிரம் கெடவும் செய்யும். உறையைப் பிரித்ததும் அப்படி இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முதலை வால்: வெள்ளைக் கறி, சிக்கனுக்கும் மீனுக்கும் நடுவில். ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம். சிக்கனிலிருந்து தப்பிக்க வந்தவளுக்கு இது திரும்பவும் சிக்கன்.

இப்போது கடையின் பெரிய தவறு. மான்கறி உறையில் ‘100 கிராமில் 30 கிராம் புரதம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எடை குறித்திருந்தது பச்சைக் கறிக்கு. நானும் பச்சையாக எடைபோட்டு, 30 என்று எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாவது வாரம் சந்தேகம் வந்து, வெந்தபின் எடை பார்த்தேன். 300 கிராம் 225 ஆகியிருந்தது. அப்போதுதான் புரிந்தது, 30 என்பது வெந்த கறியின் எண். நீர் போய்ச் சுருங்கிய 100 கிராமில் 30 இருக்கும், பச்சையில் 23தான். மான் சாப்பிட்ட ஒவ்வொரு நாளும் 21 கிராம் புரதம் குறைந்து போயிருக்கிறது. 128 என்று நினைத்துக்கொண்டு 107-ல் ஓடியிருக்கிறேன். நல்லவேளை, அதுவும் கிலோவுக்கு 1.8 கிராமுக்கு மேல்தான். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த கட்டுரை தசை வளர்ச்சிக்குச் சராசரியாக 1.6 கிராமுக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை என்கிறது. கட்டிங்கில் கொஞ்சம் கூட வைப்பது நல்லது என்பதால்தான் நான் 2.2 வைத்திருந்தேன். ஆனால் 1.6-ல் குறிவைத்து ஓடுகிற ஒருவர் இந்த அச்சை நம்பியிருந்தால்? கடைக்கு எழுதினேன், அடுத்த அச்சில் திருத்துகிறோம் என்றார்கள். இரண்டாவது பெட்டியிலும் அதே 30 இருந்தது. அந்தப் பெட்டியில் இரண்டு உறைகள் பாதி இளகிய நிலையில் வேறு வந்து சேர்ந்தன. அதற்கு உடனே மாற்று அனுப்பினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். எண் விஷயத்தில் சொல்வேன். எடைபோட்டுச் சாப்பிடும் வாடிக்கையாளருக்கு விற்கும் கடை, பச்சையா வெந்ததா என்ற ஒரு சொல்லை உறையில் போடாமலிருப்பது பொறுப்பில்லாத வேலை.

10 வார முடிவில் 54.6 கிலோ. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) 110 கிலோ மூன்று முறை, தொடங்கியபோது இருந்த அதே எண். ஃபெரிட்டின் 14-லிருந்து 29. மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் இதைக் கறியின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். யூரிக் அமிலமும் பார்த்தேன், எனக்கு எல்லைக்குள் இருந்தது. கீல்வாதத் தொல்லை உள்ளவர்கள் தினமும் இந்தக் கறியைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் இதில் கொஞ்சநஞ்சமில்லை. முந்தைய கட்டிங்குகளிலும் நன்றாகப் போன வாரங்களில் இதே வேகத்தில்தான் கொழுப்பு குறைந்தது. இந்தக் கறி வேகத்தைக் கூட்டவில்லை. ஆனால் ஏழாவது வாரம் மதியம் டப்பாவைத் திறந்தபோது உள்ளே மான்கறி இருந்தது, நான் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டேன். எட்டாவது வாரமும் சாப்பிட்டேன். மேடையும் ஏறினேன்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிக்கன் சலிக்காதவர்களுக்கு, ஃபெரிட்டின் நன்றாக உள்ளவர்களுக்கு, அடுப்படியில் வெப்பமானியோடு நிற்கப் பொறுமையில்லாதவர்களுக்கு இது வீண் செலவு. ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் டப்பாவும் மொத்தமாகச் சமைத்து வைப்பவர்களுக்கும் சரிவராது. இளஞ்சிவப்பாக எடுத்த மானை மைக்ரோவேவில் சூடுபண்ணினால் எல்லாம் போய்விடும். நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை சமைத்து, துண்டுகளைக் குளிர்ந்தபடியே சூடான சோற்றின் மேல் பரப்பிச் சாப்பிட்டேன்.

கலவைப் பெட்டியை இனி வாங்க மாட்டேன். மூன்றாவது ஆர்டரில் மான் தொடைக்கறி ஐந்து கிலோ, கங்காரு மூன்று, தீக்கோழி இரண்டு என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். பணம் கட்டும் முன் உறை எண்ணைத் திருத்திவிட்டீர்களா என்று எழுதிக் கேட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த காட்டுப்பன்றியைக் கோச் வந்து எடுத்துக்கொண்டு போனார்.